எஃபியின் மகள் சொன்ன பதில் – கடிதம்

அன்புள்ள அம்மா,

நாவல்களில் பெண்களுக்கு நேரும் முடிவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், ஜெர்மன் எழுத்தாளர் தியோடோர் ஃபோண்டானேவின் ‘எஃபி பிரீஸ்ட்’ நாவலை ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன். எனக்கு ஒன்று பிடிபடவில்லை. எஃபியை யாரும் அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. கணவன் இன்ஸ்டெட்டன் கண்ணியமானவன். தப்புச் செய்தவள் அவள்தான். கடைசியில் நோயில் இறக்கிறாள், கணவன் செய்தது சரி என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு. இதில் ஆணாதிக்கம் எங்கே வந்தது? எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லைப் போடுவது நம் வாசிப்பைச் சோம்பலாக்கிவிடாதா?

எம்.,
திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

சோம்பலாக்கும்தான். அந்தச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, கதையில் யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்ப்போம்.

படிக்காதவர்களுக்காக: 17 வயது எஃபியை 38 வயது இன்ஸ்டெட்டனுக்குக் கட்டிவைக்கிறார்கள். ஒரு காலத்தில் அவள் அம்மாவை விரும்பியவன் அவன். பால்டிக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் அவன் பெரிய அதிகாரி. அங்கே கிராம்பாஸ் என்ற ராணுவ அதிகாரியோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. குடும்பம் பெர்லினுக்குப் போனதும் அது அற்றுப்போகிறது.

பூட்டி வைக்கவில்லை என்கிறீர்கள். அந்தக் கடலோர வீட்டில் ஒரு சீனாக்காரனின் ஆவி உலவுவதாகப் பேச்சு. கணவன் வெளியூர் போகும் இரவுகளில் அவள் நடுங்குகிறாள். அவனோ அந்தப் பயத்தைத் தெளிய வைப்பதில்லை. இளம் மனைவியைக் கட்டுக்குள் வைக்க அந்த ஆவி அவனுக்குப் பயன்படுகிறது என்று கிராம்பாஸ் அவளிடம் சொல்கிறான். சொல்பவனுக்கும் உள்நோக்கம் உண்டு, ஆனால் சொன்னது அவள் மனதில் தைத்துவிடுகிறது. வாசலில் காவல் வேண்டாம், பேய் போதும்.

உறவு முடிந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எஃபி ஊரில் இல்லாத ஒரு நாள் மகள் ஆன்னி படியில் விழுந்து நெற்றியைக் காயப்படுத்திக்கொள்கிறாள். கட்டுப்போடத் துணி தேடி, பணிப்பெண்கள் எஃபியின் தையல் மேசையை உடைத்துத் திறக்கிறார்கள். சாமான்களோடு சாமானாக, சிவப்பு நூல் சுற்றிய ஒரு கடிதக்கட்டு வெளியே வருகிறது. கிராம்பாஸ் எழுதியவை. இன்ஸ்டெட்டன் படித்துவிடுகிறான்.

இதற்கடுத்து வரும் உரையாடலைத்தான் நீங்கள் திரும்பப் படிக்க வேண்டும். இன்ஸ்டெட்டன் தன் நண்பன் வூல்லர்ஸ்டார்ஃபைக் கூப்பிட்டனுப்புகிறான். தனக்கு வெறுப்பும் இல்லை, பழிவாங்கும் வெறியும் இல்லை, மனைவி மீது இன்னும் அன்பு இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்கிறான். ஆனாலும் கிராம்பாஸை நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டைக்கு அழைக்கப்போகிறான். அப்புறம் எதற்கு இந்தச் சண்டை? நண்பனும் அதையே கேட்கிறான். இன்ஸ்டெட்டன் சொல்லும் காரணம் இதுதான்: உன்னைக் கூப்பிட்டுச் சொன்ன நேரத்திலேயே விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது, இனி இதை அறிந்த ஒருவன் இருக்கிறான், அவன் முகத்தில் நான் முழிக்க வேண்டும். ஆக, தீர்ப்பு இரண்டு ஆண்களுக்கிடையே, ஓர் அறைக்குள் முடிந்துவிடுகிறது. எஃபியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அவன் கண்ணியமானவன் என்பதால்தான் இது எனக்கு அதிகம் உறைக்கிறது. கொடூரனாக இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்போம்.

கிராம்பாஸ் செத்துவிழுகிறான். அன்றைய ஜெர்மன் சட்டப்படி, இப்படி ஒருவனைக் கொன்றவனுக்குக் குறைந்தது 2 ஆண்டு ‘கோட்டைக் காவல்’. மானம் கெடாத தண்டனை அது, பெரும்பாலும் மன்னிப்பும் கிடைத்துவிடும். இன்ஸ்டெட்டன் வெளியே வருகிறான், பதவி உயர்வும் பெறுகிறான். மணமுறிவு ஆகிறது, மகள் தகப்பனிடம். எஃபிக்கு அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது: பணம் அனுப்புவோம், பிறந்த வீட்டுக்கு நீ வர முடியாது. அவள் பெர்லினில் ஒரு சிறிய வாடகை வீட்டில் வேலைக்காரி ரோஸ்விதாவோடு தங்கிவிடுகிறாள்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு மந்திரியின் மனைவியைப் பிடித்துக் கெஞ்சியபின் மகளைப் பார்க்க அனுமதி கிடைக்கிறது. அடிக்கடி வருவாயா? ‘ஓ, கட்டாயம், அனுமதி கிடைத்தால்.’ பூங்காவுக்குப் போகலாமா? அதே பதில். மூன்றாம் முறையும் அதே பதில் வந்ததும் எஃபி குழந்தையை அனுப்பிவிட்டு உடைந்துபோகிறாள். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி அப்பன் மனப்பாடம் பண்ணிவைத்த வாக்கியம் அது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நோய் முற்றுவது இதன் பிறகுதான். அதற்கப்புறமே, மருத்துவர் எழுதிக் கேட்டபின், அப்பா தந்தி அடிக்கிறார்: ‘எஃபி, வா.’ பெண் பார்க்க வந்த அன்று அவளைத் தோழிகள் விளையாடக் கூப்பிட்ட அதே இரண்டு சொற்கள்!

இந்தக் கதைக்கு ஓர் அசல் உண்டு. எலிசபெத் ஃபான் ஆர்டென், 1853-இல் பிறந்தவர். கணவர் அவரைவிட 5 வயதுதான் மூத்தவர். கடிதங்கள் சிக்கியபோது உறவு நடப்பில் இருந்தது. 1886-இல் சண்டை, எதிராளி மரணம், மறு ஆண்டு மணமுறிவு, பிள்ளைகள் தகப்பனிடம். ஃபோண்டானே இதை விருந்து மேசைப் பேச்சில் கேள்விப்பட்டு, 1894-95-இல் தொடராக வெளியிட்டார். வயது இடைவெளியை 21 ஆக்கினார், உறவை என்றோ முடிந்துபோன ஒன்றாக்கினார். கோபத்துக்குக் காரணமாகக் கூடியதையெல்லாம் இப்படி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வழக்கம் மட்டும்தான். அது தன்பாட்டில் ஒருவனைக் கொல்வதை அவர் காட்டிவிட்டார். கதைக் கலையில் இது பெரிய காரியம்.

ஆனால் நாயகியையும் முப்பது வயதுவாக்கில் சாகடித்தார். நிஜ எலிசபெத் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார், பல ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளை மீண்டும் பார்த்தார், 1952-இல் 98 வயதில் இறந்தார். உறவும் விலக்கமும் ஒரு பெண்ணைக் கொன்றே தீரும் என்பது விதி அல்ல. அந்தச் சாவு எழுத்தாளர் எடுத்த முடிவு. தவறிய பெண்ணைச் சாகக் கொடுத்தால்தான் அவளுக்காக அழலாம் என்று அன்றைய வாசகர்கள் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தை ஃபோண்டானேவால் தாண்ட முடியவில்லை என்பதே என் எண்ணம்.

கடைசி மன்னிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மகள் போன அன்று எஃபி கணவனைச் சபிக்கிறாள். அந்த ஒரு நாள்தான் அவள் தன் சொந்தக் குரலில் பேசியது. சாகும்போது, குழந்தையை அவன் அப்படி வளர்த்ததுகூடச் சரிதான் என்கிறாள். மூன்று முறை ஆன்னி ஒப்பித்ததைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு வந்தால், இதுவும் மனப்பாடம் போலவே எனக்குக் கேட்கிறது.