ஏலத் துப்பாக்கிக்கு டாப்-அப் கடன் வேண்டாம்

கேள்வி: பழைய .22 ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் தட்டி வெடிக்கும் சிறு தோட்டா) ரைஃபிள்களைச் சேகரிக்கிறேன், உரிமம் உண்டு. தனிநபர் கடனில் இரண்டு வாங்கிவிட்டேன். இப்போது வின்செஸ்டர் 1890 என்ற ரைஃபிள் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. இருக்கும் கடனையே டாப்-அப் செய்து, அதாவது கூட்டி எடுத்து, வாங்கிக்கொள், மூன்று ஆண்டில் விற்றால் லாபமே மிஞ்சும் என்கிறார் மைத்துனர். எனக்கோ இப்போதே தவணை கட்டத் திணறலாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: துப்பாக்கியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. என்னைக் கவலைப்பட வைப்பது, ஒவ்வோர் ஏலத்துக்கும் பழைய கடன் தீருமுன்பே அதன்மேல் புதுக் கடனை ஏற்றும் உங்கள் பழக்கம்தான்.

ஏலம் 100-இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலிக்கும் கட்டணம் 20, உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக அனுப்பும் செலவும் காப்பீடும் 8 என்றால், பொருள் கைக்கு வரும்போதே 128 ஆகிவிடும். அதை 14 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடனாக எடுத்தால், நீங்கள் கட்டி முடிப்பது சுமார் 157. விற்கும்போது ஏல நிறுவனம் 15 சதவீதம் தரகு பிடித்தால், அந்த 157 உங்கள் கைக்கு வர ஏலம் 185 வரை போக வேண்டும். அதாவது விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 23 சதவீதம் ஏற வேண்டும், அப்போதும் லாபம் பூஜ்யம். மைத்துனர் முதலில் விளக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

வின்செஸ்டர் 1890 எட்டு லட்சத்துக்கும் மேல் தயாரான துப்பாக்கி. எனவே பெயருக்காக யாரும் பெரும் விலை தருவதில்லை, நிலைமைக்குத்தான் தருகிறார்கள். எண்கோணக் குழலின் விளிம்புகள் மழுங்கியிருந்தாலோ, குழலில் பொறித்த எழுத்துகள் தேய்ந்து மங்கியிருந்தாலோ, யாரோ தேய்த்து மெருகேற்றி துருவைத் தடுக்கும் நீலப்பூச்சை மீண்டும் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். பார்வைக்குப் புதிதாக மின்னும் அந்தத் துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலை வெகுவாகக் குறையும். குழலின் உட்புறத்தையும் விளக்கொளியில் பாருங்கள். கரிமருந்துக் காலத்துத் தோட்டாக்களும், பின்னர் வந்த, உலோகத்தை அரிக்கும் பிரைமர்களும் (தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் பொருள்) விட்டுச்சென்ற குழிகள் பல துப்பாக்கிகளில் இருக்கும், ஏல அட்டவணைப் படத்தில் அவை தெரியவே தெரியாது. பார்வையிடும் நாளில் நேரில் போக முடியாவிட்டால், நிலைமை அறிக்கையைக் கேட்டு வாங்காமல் ஏலம் கேட்க வேண்டாம்.

அரிய பொருள்களைச் சிறு பங்குகளாகப் பிரித்து விற்கும் செயலிகளில் பணம் போடலாம் என்றும் அடுத்து யாராவது சொல்லக்கூடும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். விற்க நினைக்கும் நாளில் உங்கள் பங்கை வாங்க ஆள் இருப்பார் என்று எவரும் உறுதி தருவதில்லை, கட்டணம் மட்டும் தவறாமல் பிடிக்கப்படும்.

இந்த ஏலத்தை விட்டுவிடுங்கள். இரண்டில் உங்கள் மனத்துக்கு நெருக்கம் குறைந்த ரைஃபிளை விற்று, வரும் பணத்தை அசலில் கட்டுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் உண்டா என்பதைக் கடன் பத்திரத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கடன் முடிந்த மறுமாதம் முதல் அதே தவணைத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். அதில் சேர்ந்த தொகையை 1.28-ஆல் வகுத்து வருவதே அடுத்த ஏலத்தில் நீங்கள் கேட்கக்கூடிய உச்சவரம்பு.