அலையைக் காட்டாமல் ஒரு சுனாமிப் படம்: குறும்படக்காரர்களுக்குச் சில பதில்கள்

கல்யாண வீடியோ தொகுப்பது என் தொழில். மட்டக்களப்பில் அதைச் செய்துதான் பிழைக்கிறேன். அந்தக் காசிலும் கொஞ்சம் கடனிலுமாக இதுவரை நான்கு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். நான்கும் ஏதோ ஒரு பேரழிவில் தப்பியவர்களைப் பற்றியவை. அண்மையில் கல்லடியில் நடந்த ஒருநாள் பட்டறையில் பேச நேரம் போதவில்லை. கேள்விகளைத் துண்டில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு சோற்றுப் பெட்டி நிறைய வந்தன. எனக்குப் பதில் தெரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் மனிதர்களின் ஊரையும் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன்.

அண்ணா, எங்கள் குடும்பம் நாவலடியில் இருந்தது. 2004 சுனாமியைப் பற்றிப் பதினைந்து நிமிடப் படம் எடுக்க ஆசை. அலையைக் காட்டக் காசில்லை. கணினியில் செய்து பார்த்தேன், பொம்மை மாதிரி இருக்கிறது.

காசில்லாதது நல்லதாய்ப் போயிற்று, தங்கச்சி. அலையைக் காட்டாதீர்கள். உங்கள் படத்தை முதலில் பார்க்கப்போகிறவர்கள் கல்லடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் இருப்பவர்கள். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாளில் ஆகக்கூடிய இழப்பு அம்பாறை மாவட்டத்துக்கு. அவர்களுக்கு நீங்கள் எந்த அலையைக் காட்டினாலும் "இப்படி இல்லை" என்றுதான் மனம் சொல்லும். அப்படிச் சொல்லாமல் உண்மையாகவே அந்த இடத்துக்குப் போய்விட்டார்களென்றால் அது இன்னும் மோசம்.

அன்று காலையைக் காட்டுங்கள். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம், நத்தாருக்கு மறுநாள். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நமக்கு 6.58 மணி. அலை நம் கரைக்கு வர ஒன்றரை, இரண்டு மணிநேரம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் அப்போது சுனாமி எச்சரிக்கை முறை என்று ஒன்று இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ யாருக்கோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "பிள்ளையை எழுப்பாதே, படுக்கட்டும்." "தலை காயட்டும், பிறகு போகலாம்." "ஓடிப்போய் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வா." குற்றவுணர்வு வந்து குடியேறியது இந்த வாக்கியங்களுக்குள்தான்.

கடைசியாகச் சொன்ன வாக்கியம் நான் சந்தித்த ஓர் அக்காவுடையது. தேங்காய் வாங்கத் தங்கையை அனுப்பினார். தங்கை திரும்பவில்லை. அக்கா இப்போது திராய்மடுப் பக்கத்தில் வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு முதல்முறை போனபோது தேநீருக்குச் சீனி இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் சைக்கிளோடு நின்று "நான் வாங்கி வருகிறேன் மாமி" என்றான். அவர் கேட்காததுபோல் செருப்பைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு, நல்ல வெயிலில் தானே நடந்தார். அடுத்தமுறை போனபோதும் அப்படித்தான். அவர் யாரையும் கடைக்கு அனுப்புவதில்லை என்பது எனக்கு மூன்றாவது தடவைதான் உறைத்தது. என் படம் அந்த நடைதான்: ஒன்பது நிமிடம், ஒரு பெண், ஒரு சைக்கிள், அரைக் கிலோ சீனி, நடுவில் அந்தத் தேங்காய் வாக்கியம்.

தப்பியவரின் குற்றவுணர்வு என்பது நோயா? தமிழில் இதற்குச் சரியான சொல் என்ன? (அக்கரைப்பற்று)

சொல்லைத் தேடி அலைய வேண்டாம். "என்னை ஏன் விட்டுவைத்தான்" என்று நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரியில் கேட்பது இதைத்தான்.

மருத்துவப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாசி வதைமுகாம்களில் உயிர் தப்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த வில்லியம் நீடர்லாண்ட் என்ற மருத்துவர், தானும் ஜெர்மனியிலிருந்து தப்பியவர், 1960களில் இதை விரிவாக எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேட்டில், பேரதிர்ச்சிக்குப் பின்னான மனவடுவின் அறிகுறிகளில் ஒன்றாக இது இருந்தது. 1987இல் திருத்தியபோது முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே தனி நோய் என்று சொல்ல முடியாது. தூக்கமும் வேலையும் உறவும் கெட்டுப்போகும் அளவுக்கு வந்தால் வைத்தியரிடம் போகவேண்டிய விடயம்.

திரைக்கதை எழுதுகிறவருக்கு முக்கியமானது வேறொன்று. "அது உன் பிழை இல்லை" என்று ஆயிரம்பேர் சொன்னாலும் இந்த உணர்வு ஏன் போவதில்லை? என் விளக்கம் இது; மனநல வைத்தியர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார். பிழை என்னுடையது என்றால், நான் வேறுமாதிரிச் செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாகிறது. அப்போது உலகத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிழை யாருடையதும் இல்லையென்றால், எந்த நேரத்திலும் எதுவும் வரும், நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கையாலாகாத்தனத்தைவிடக் குற்றத்தைச் சுமப்பது சிலருக்கு இலகு. இன்னொன்று, இறந்தவரோடு மிஞ்சியிருக்கும் கயிறும் அதுதான். அதை அவிழ்த்துவிடு என்று நாம் எப்படிச் சொல்வது?

கதாபாத்திரம் தன் குற்றத்தைக் கைவிட மறுக்கிறது என்று எழுதிப் பாருங்கள். காட்சிகள் தாமாக வரும்.

என் பெரியம்மாவைப் பேட்டி எடுத்து அதையே படமாக்க நினைக்கிறேன். அவர் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. எப்படிக் கேட்பது? (களுவாஞ்சிகுடி)

முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். என் முதல் படத்துக்காக ஒரு தாயைக் கடற்கரையில் உட்காரவைத்து, "அந்த நேரம் உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டேன். வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. அவர் நாற்பது நிமிடம் அழுதபடி பேசினார். நான் கமராவை நிறுத்தவில்லை. பிறகு அவரை ஓட்டோவில் ஏற்றி, கூலியையும் கொடுத்து அனுப்பிவிட்டு, "அருமையான காட்சி கிடைத்தது" என்று நண்பர்களோடு கொத்துரொட்டி சாப்பிடப் போனேன். அன்றிரவு அவர் தனியாக இருந்தார். மறுநாள் அவருடைய மகன் என் கடைக்கு வந்தான். அடிக்கவில்லை. "அம்மா இரவு முழுக்க வாசலில் நின்றார்" என்று மட்டும் சொன்னான். அந்தக் காட்சியை நான் எங்கும் பயன்படுத்தவில்லை.

ஆகவே, பெரியம்மாவிடம் கமரா இல்லாமல் மூன்று நான்கு முறை போங்கள். சம்பவத்தைக் கேட்காதீர்கள். இறந்தவர் என்ன சாப்பிடுவார், யாரோடு சண்டை பிடிப்பார் என்று கேளுங்கள். அவராக அந்த நாளுக்கு வந்தால் வரட்டும். பதிவு செய்யும் நாளில் அன்றிரவு அவரோடு யார் படுப்பார்கள் என்பதை முதலே தீர்மானியுங்கள். சம்மதத்தை மூன்று தடவை வாங்க வேண்டும்: பதிவுக்கு முன், பதிவு முடிந்து சில நாள் கழித்து, தொகுத்ததைக் காட்டிய பிறகு. மூன்றாவது தடவை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் முன்கூட்டியே பேசி வையுங்கள். தேசிய மனநல உதவி எண் 1926. அதை அவருக்கு மட்டுமல்ல, உங்கள் குழுவில் எல்லோருக்கும் கொடுங்கள்.

பெரியம்மா பேச மறுத்தால் அவர் சமைக்கும்போது கையை மட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். பல நேரம் அது போதும்.

நடிகர்களா, உண்மையில் தப்பியவர்களா? எங்கள் பக்கம் நடிக்க ஆள் கிடைப்பதில்லை, நானா. (மருதமுனை)

தப்பியவரை அவருடைய சொந்த நிகழ்வையே நடிக்க வைக்காதீர்கள், தம்பி. என் கட்டாய விதி இது ஒன்றுதான். நடிகர் கிடைப்பதில்லை என்பதை நான் நம்பமாட்டேன். கூத்தாடியவர்களைக் கேளுங்கள், பள்ளி நாடகத்தில் நடித்த ஆசிரியைகளைக் கேளுங்கள், கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். கூத்துக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு: விடிய விடிய வட்டக்களரியில் நின்று பழகிய குரல், கடைசி ஆளுக்கும் கேட்கவேண்டிய குரல். குறைத்துப் பேசச் சொன்னால் உயிர் போய்விடும். நான் பேச்சையே எடுத்துவிட்டு வேலையைக் கொடுப்பேன். திருவலையில் தேங்காய் திருவச் சொல்வேன், வலை பொத்தச் சொல்வேன். கை வேலையில் இருந்தால் முகம் பொய் சொல்லாது.

சிறுபிள்ளைகளை அழவைக்க உண்மையான இழப்பை நினைவூட்டும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்து கிடைக்கும் காட்சி எனக்கு வேண்டாம்.

சுனாமி பற்றிப் பேசலாம். யுத்தத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி எடுத்தால்? (பெயரும் ஊரும் வேண்டாம்)

எடுக்கலாம். ஆனால் அது வேறு படம். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் கிரியை உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. காணாமல் போனவருக்கு நாள் இல்லை. பாலின் பொஸ் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். அங்கே குற்றவுணர்வு திரும்பி நிற்கிறது: கிரியை செய்தால் நானே அவனைச் சாகடித்தவள் ஆவேன், செய்யாவிட்டால் அவன் ஆத்மா அலையும். பொட்டு வைப்பதா, அழிப்பதா? மரண சான்றிதழுக்குக் கையெழுத்து வைப்பதா? ஒரு பேனா, ஒரு படிவம், ஒரு மேசை. இதைவிடப் பெரிய காட்சி எதற்கு?

நம் பக்கம் பெண்கள் அம்மன் கோயிலில் உருவேறியவரிடம் வாக்குக் கேட்டார்கள், "இருக்கிறானா, இல்லையா" என்று. பொலிசில் கிடைக்காத பதிலைத் தேடிப் போன இடம் அது. அதைப் படமாக்குவதானால் மூடநம்பிக்கை என்ற பார்வையைப் படலையடியிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பாதுகாப்பு பற்றிக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. பேட்டி தந்தவரின் முகமும் வீட்டு முன்பக்கமும் வராமல் எடுங்கள், மூலப்பதிவை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மற்றதை நேரில் பேசலாம்.

2019 உயிர்த்த ஞாயிறு பற்றி?

மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அவர்களோடு படித்த பிள்ளைகள் இப்போதுதான் வளர்ந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவர் எடுக்க வரட்டும். நான் எடுக்கமாட்டேன்.

கையில் தொலைபேசி மட்டும்தான். போதுமா?

படத்துக்குப் போதும், ஒலிக்குப் போதாது. கடன் வாங்குவதானால் ஒலிவாங்கிக்கு வாங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் உரோம உறை இல்லாமல் பதிந்தால் வெறும் இரைச்சல்தான். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் வாய்மூடச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். தொகுக்கும்போது கையெடுத்துக் கும்பிடுவீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். குழல்விளக்கின் கீழ் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள், இல்லாவிட்டால் படம் துடிக்கும். நாவலடி போன்ற ஒடுங்கிய கரையில் சூரியன் கடலில் எழுந்து வாவிப் பக்கம் விழும். காலையையும் மாலையையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். பேரதிர்ச்சியின் நினைவு ஒலியிலும் மணத்திலும்கூடத் திரும்பி வருகிறது. மணத்தைப் பதிய முடியாது. ஆகவே ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முடிவில் நம்பிக்கை இருக்க வேண்டும் என்று பணம் தருபவர் சொல்கிறார். கதாநாயகன் கடலில் கால் நனைப்பதாக முடிக்கலாமா?

கடலில் கால் நனைத்து முடிந்த படங்களை எண்ணி எனக்கு அலுத்துவிட்டது. பணம் தருபவரிடம் நாயகன் அன்றிரவு நான்கு மணிநேரம் தொடர்ந்து தூங்குகிறான் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கல்யாண வீடியோ எடுக்க வாருங்கள், நாங்கள் இருவருமாகப் பணம் சேர்ப்போம்.

எத்தனை நிமிடம் இருக்கலாம்? எங்கே அனுப்புவது, எங்கே திரையிடுவது?

கான் விழாவில் குறும்படம் என்றால் பெயர்ப்பட்டியலோடு 15 நிமிடம், வெனிஸில் 20, ஒஸ்காரில் 40. விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் யூடியூபில் ஏற்றுவதைத் தள்ளிப் போடுங்கள். இணையத்தில் வந்ததைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வந்திருக்கிறது, அதையும் பாருங்கள். ஊரில் காட்டும்போது டிசம்பர் 26 அன்று காட்டாதீர்கள். அன்று அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. மண்டபத்தின் கதவைத் திறந்தே வையுங்கள், எழுந்து போகிறவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

அண்ணா, அந்த அக்கா உங்கள் படத்தைப் பார்த்தாரா?

பார்த்தார். அவர் வீட்டில், என் மடிக்கணினியில். முடிந்ததும் கடை வாசலின் நிறம் பிழை என்றார். தேநீர் ஊற்றினார். இந்தத் தடவை சீனி இருந்தது. நான் எழுந்து புறப்படும்போது, "தேங்காய் இல்லை தம்பி" என்றார். எனக்கு விளங்கவில்லை.

"வீட்டில் தேங்காய் இருந்தது. நான் அனுப்பியது சம்பூ பக்கெட் ஒன்றுக்கு. எனக்குத் தலை முழுக."

இத்தனை வருடம் கணவரிடம்கூடத் தேங்காய் என்றுதான் சொல்லியிருக்கிறார். தேங்காய் என்றால் வீட்டுக்கு, எல்லோருக்கும். சம்பூ தனக்கு மட்டும். படத்தை மாற்றவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "படத்தில் போடாதே. படம் எடுக்க வருகிற பிள்ளைகள் கேட்டால் சொல்லு."

படத்தில் இன்னும் தேங்காய்தான் இருக்கிறது.