காலையில் மட்டும் இடுப்பு வலி: படுத்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதுபோல், பல் துலக்கக் குனியும்போது சுளீரென்று பிடித்து, பத்து மணிக்குமேல் தானாகத் தணிகிற பத்து நாள் வலிக்கு ஒரு வாரம் படுக்கையில் கிடந்தால் தசைகள் இன்னும் இறுகத்தான் செய்யும்.

பெரும்பாலும் காரணம் இது: முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் உள்ள வட்டுகள் (டிஸ்க்) இரவில் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும். எழுந்தவுடன் குனிந்தால் அவற்றின்மேல் அழுத்தம் கூடுகிறது. நடமாட நடமாட அந்த நீர் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. ஆகவே முதல் ஒரு மணி நேரம் இடுப்பை வளைக்காதீர்கள். பல் துலக்கும்போது ஒரு கையைத் தொட்டி விளிம்பில் ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கி நில்லுங்கள். அற்பமாகத் தோன்றும், எனக்கு மாத்திரையைவிட இதுதான் உதவியது.

பிறகு துணி சுற்றிய வெந்நீர்ப் பையால் 15 நிமிடம் ஒத்தடம், அடுத்து மெதுவான நடை. தைலம் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

வட்டு பிதுங்கியிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மெல்ல உயர்த்திப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் பாய்வதுபோல் வலி ஓடினால் நரம்பு அழுந்துகிறதோ எனச் சந்தேகிக்கலாம். தொடையின் பின்புறம் வெறுமனே இழுத்தால் அது பெரும்பாலும் தசை இறுக்கம்.

சிறுநீர் கழிப்பதில் தடை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால் துவளுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு வலித்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.