நீண்ட தூரத்தில் பெரிய விலங்கு வேட்டைக்கு எந்தக் குண்டு? பி.சி. அதிகமாக இருந்தால் போதுமா?

கேட்டவர் கையில் இருப்பது 6.5 கிரீட்மோர் (6.5 மி.மீ. குண்டு போடும் ஒரு தோட்டா வகை) ரைஃபிள். எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்), அதைவிடச் சிறிய மியூல் மான் இரண்டுக்கும் உரிமம் எடுக்கப் போகிறார், 500 கஜம் வரை சுட எண்ணம். கடையில் இருப்பதில் பி.சி., அதாவது காற்றைக் கிழித்துப் போகும் திறனைச் சொல்லும் எண், எதற்கு அதிகமோ அதையே வாங்கிவிடலாமா என்கிறார்.

கூடாது என்பேன். பி.சி. இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது. விலங்கின் மேல் படும்போது குண்டு என்ன வேகத்தில் இருக்கும், அந்த வேகத்தில் அது விரியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேட்டைக் குண்டு உடம்புக்குள் நுழைந்ததும் அதன் மூக்கு பின்னால் மடிந்து காளான் போல விரிய வேண்டும். அப்போதுதான் நுரையீரலில் அகலமான காயம் விழும், விலங்கு சீக்கிரம் சாயும். வேகம் போதாவிட்டால் குண்டு தன் பருமனுக்கு ஒரு துளையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடும். விலங்கு ஓடிவிடும், ரத்தத் தடமும் சரியாகக் கிடைக்காது, எங்கோ புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும்.

எந்த வேகத்துக்குக் கீழே விரியாது என்பதைத் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நோஸ்லர் அக்யூபாண்ட், பார்ட்டிஷன், பெர்கர் ஹன்டிங் வி.எல்.டி. போன்றவற்றுக்கு விநாடிக்கு 1800 அடி. ஹார்னடி இ.எல்.டி.-எக்ஸுக்கு 1600. அக்யூபாண்ட் லாங் ரேஞ்ச் 1300 வரைக்கும் விரியும் என்கிறது நோஸ்லர். இந்த எண்களை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மூக்கு திறக்க ஆரம்பிக்கும் வேகம் வேறு, நன்றாக விரியும் வேகம் வேறு. எதுவானாலும் மேலே 200 அடி கூட்டித்தான் கணக்குப் போடுவேன்.

உங்கள் துப்பாக்கிக்கே போட்டுப் பார்ப்போம். 143 கிரெயின் (குண்டின் எடையளவு) இ.எல்.டி.-எக்ஸ் தோட்டாப் பெட்டியில் குழல்வாய் வேகம் 2700 அடி என்று இருக்கும். 300 கஜத்தில் அது 2285 ஆகும், 500-இல் ஏறக்குறைய 2030, 700-இல் 1800-ஐ ஒட்டி வந்துவிடும். விரிவதை மட்டும் பார்த்தால் 500 கஜத்தில் சிக்கல் இல்லை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. குழலில் ஓர் அங்குலம் குறைந்தால் 20, 25 அடி வேகம் போகும். என்னுடைய 20 அங்குலக் குழலில் அதே தோட்டா 2600-ஐத் தாண்டுவதே இல்லை. அதற்கே ஏறத்தாழ 70 கஜம் கைவிட்டுப் போகிறது. கடுங்குளிரில் பல வெடிமருந்துகள் இன்னும் மந்தமாகும். மலை உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். அதனால் குண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு குரோனோகிராஃப் வாங்குங்கள், இல்லை யாரிடமாவது இரவல் கேளுங்கள். பெட்டியை நம்பிப் போட்ட கணக்கெல்லாம் கற்பனை.

மானுக்கு 1000 அடி-பவுண்ட், எல்க்குக்கு 1500 என்று ஒரு பழைய ஆற்றல் கணக்கும் உண்டு. அதன்படி பார்த்தால் உங்கள் 143 கிரெயின் குண்டு முழு 2700-இல் கிளம்பினாலும் எல்க்குக்கு 400 கஜத்துக்குள்ளேயே தீர்ந்துபோகும். விலங்கைக் கொல்வது காயம்தானே தவிர காகிதத்தில் இருக்கும் ஆற்றல் இல்லை, அதனால் இந்தக் கணக்கை வேதவாக்காக எடுக்க வேண்டாம். இருந்தாலும் வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும் உடம்பு. 6.5-ஐ வைத்துக்கொண்டு 400-க்கு மேல் எல்க்கைச் சுடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

தூரத்தையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கோட்டைவிடுவது கிட்டத்து ஷாட்டை. 500 கஜத்துக்குத் தயாராகப் போயிருப்பீர்கள், எல்க் 40 கஜத்தில் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்து நிற்கும். அங்கே குண்டு முழு வேகத்தில் படும். ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை போட்ட குண்டு அந்த வேகத்தில் தோள்பட்டை எலும்பில் மோதினால் மேலேயே சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிடலாம். 3000 அடிக்கு மேல் போகும் மேக்னம் (அதிக மருந்து கொண்ட) தோட்டா ரகங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பெர்கர் வி.எல்.டி. இரண்டு மூன்று அங்குலம் உள்ளே போய்ச் சிதறும்படியே செய்யப்பட்டது. தோளுக்குப் பின்னால், விலா வழியாக நுரையீரலில் விழுந்தால் அதைப் போல வேலை செய்யும் குண்டு குறைவு. எலும்பை உடைத்துப் போகவேண்டிய கோணத்தில் நான் அதை நம்பமாட்டேன்.

இந்தத் தொல்லை பழையது. 1946-இல் ஜான் நோஸ்லர் கனடாவில் ஒரு மூஸை, எல்க்கைவிடப் பெரிய மானை, சுட்டபோது குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் பார்ட்டிஷன்: நடுவில் செம்புக் கலவைச் சுவர், முன்னும் பின்னும் தனித்தனியாக ஈயம். மறுபக்கத் தோலுக்கடியில் மாட்டிக்கொண்ட குண்டைத் தோண்டி எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். பார்ட்டிஷனில் முன்பாதி ஈயம் போயிருக்கும், உறை மட்டும் கிழிந்து பின்னால் மடங்கியிருக்கும், சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி அசங்காமல் இருக்கும். உறையோடு ஈயத்தைப் பிணைத்துச் செய்த அக்யூபாண்டில் தலை பெருத்து, எடையில் பெரும்பகுதி மிஞ்சும். பார்ன்ஸின் முழுச் செம்புக் குண்டில் நான்கு இதழ்கள் விரிந்து நிற்கும், எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

செம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலில் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று காண்டார் கழுகுகள் செத்ததுதான் காரணம். எனவே எங்கே போகிறீர்களோ அந்த ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள். செம்பு ஈயத்தைவிட லேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிறது, அதை நிலையாகச் சுழற்ற வேகமான ட்விஸ்ட் (குழலுக்குள் சுழல்வரி சுற்றும் வேகம்) வேண்டும். உங்கள் கிரீட்மோரில் பொதுவாக எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, கவலை இல்லை. பத்து அங்குல ட்விஸ்ட் கொண்ட பழைய .270 ரைஃபிள்காரர்கள் யோசிக்க வேண்டும். செம்பு விரிய வேகமும் சற்று அதிகம் தேவை. ஆகவே ஒரு படி லேசான எடையை எடுங்கள். 6.5-இல் பார்ன்ஸ் 127 கிரெயின் எல்.ஆர்.எக்ஸ் பொருத்தமாக இருக்கும்.

இப்போது பி.சி.க்கு வரலாம். குண்டு கீழிறங்குவதைத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் ஸ்கோப் டயலும் பார்த்துக்கொள்ளும். காற்றை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், பி.சி. கைகொடுப்பது அங்கேதான். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 143 இ.எல்.டி.-எக்ஸ் 500 கஜத்தில் 15 அங்குலம் விலகும். பி.சி.யைச் சொல்ல ஜி1, ஜி7 என்று இரண்டு கணக்குகள் உண்டு; ஜி1 கணக்கில் 0.4 மட்டும் உள்ள குண்டு அதே வேகத்தில் கிளம்பினால் 25 அங்குலத்தை ஒட்டி விலகும். பெரிய வித்தியாசம்தான். ஒப்பிடும்போது ஒரு குண்டின் ஜி1 எண்ணையும் இன்னொன்றின் ஜி7 எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், ஜி7 ஏறக்குறைய பாதியாகவே இருக்கும்.

ஆனால் குண்டு 500 கஜம் போய்ச்சேர 0.64 விநாடி ஆகும். மேய்ந்துகொண்டிருந்த விலங்கு அதற்குள் ஓர் அடி எடுத்துவைத்தால் நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் விழும். எந்த பி.சி.யும் இதைத் தீர்க்காது.

மேட்ச் குண்டுகள் (இலக்குப் போட்டிக்கானவை) துல்லியமாக இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். தன் மேட்ச்கிங் போட்டிக் குண்டை வேட்டைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சியரா நிறுவனமே சொல்கிறது, அதோடு விட்டுவிடலாம். முழு உறை போட்ட ராணுவ வகைக் குண்டு பேச்சுக்கே இடமில்லை.

உங்களுக்கு என் சிபாரிசு: மியூல் மானுக்கு மட்டும் என்றால் 143 இ.எல்.டி.-எக்ஸ். எல்க்கும் சேர்ந்தால், ஒரே குண்டுதான் வேண்டும் என்றால், 140 கிரெயின் அக்யூபாண்ட். 500 கஜத்தில் காற்று அதை மூன்று நான்கு அங்குலம் கூடுதலாகத் தள்ளும். எலும்பில் பட்டாலும் உள்ளே போகும் என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் துப்பாக்கிக்குப் பிடித்ததில் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணாகப் பார்த்து மொத்தமாக வாங்குங்கள். பிறகு சுடும் மேசையை விட்டு எழுந்து, மலையில் எப்படி உட்கார்ந்து சுடுவீர்களோ அப்படி, குளிர்ந்த குழலின் முதல் குண்டை 400 கஜத்தில் எட்டு அங்குலத் தட்டில் போடுங்கள், வெவ்வேறு நாட்களில், காற்று அடிக்கும்போதும். ஒவ்வொரு முறையும் தட்டில் விழவில்லை என்றால் தட்டை 300-க்குக் கொண்டுவாருங்கள். இந்த வருடம் உங்கள் எல்லை அதுதான்.