சண்டை மீன் சந்தேகங்கள்: கூடு கட்டுகிறவனும் மூலையில் படுத்தவனும்

பெட்டா, ஃபைட்டர், ஈக்கான் லாகா, சண்டை மீன் என்று ஆளுக்கொரு பெயரில் எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் ஒன்றுதான். இந்தத் தடவை வந்ததில் பாதி "அண்ணே, என்ன மருந்து போடலாம்?" என்றுதான் முடிகிறது. தொட்டி எத்தனை லிட்டர், கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. மருந்துப் போத்தலைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள், முதலில் வீட்டைப் பார்ப்போம்.

கடையில் சின்னப் போத்தலில்தான் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும் எதற்குப் பெரிய தொட்டி வாங்க வேண்டும்? வயலில் மாட்டுக் குளம்படித் தண்ணீரில்கூட இது வாழுமாமே? (ஜெலுத்தோங்)

கடைக்காரர் அதை வளர்க்கவில்லை, விற்கிறார். அங்கே அதற்குச் சில நாள் தங்கல், உங்கள் வீட்டில் இரண்டு மூன்று வருட வாழ்க்கை. பஸ் நிலையத்துப் பெஞ்சில் ஒருவர் தூங்குவதைப் பார்த்துவிட்டு, இவருக்கு வீட்டில் கட்டிலே வேண்டாம் என்று சொல்வோமா?

குளம்படிக் கதையில் கொஞ்சம் உண்மை உண்டு. இதன் பூர்வீகம் தாய்லாந்து, அங்கே வயலிலும் சதுப்பிலும் ஆழம் முழங்கால்கூட வராது, ஆனால் பரப்பைப் பாருங்கள், கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். வெயில் காலத்தில் அது வற்றிக் குட்டையாகும்போது மீன் மாட்டிக்கொள்ளும், அதைத் தாக்குப்பிடிக்கத்தான் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு, லேபிரிந்த் என்பார்கள். மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும், அதனால் ஆக்சிஜன் இல்லாத தண்ணீரிலும் உடனே சாகாது. சாகாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. அதன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை இந்த உறுப்பு ஒன்றும் செய்யாது, அரை லிட்டர் போத்தலில் அது ஒரே நாளில் ஏறிவிடும்.

என் கணக்கு 20 லிட்டர். பத்துக்குக் கீழே இறங்கவே வேண்டாம். உயரமான ஜாடி அழகுதான், ஆனால் நீள வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி இறங்குவது அதற்கு நாலு மாடி படியேறுகிற மாதிரி. நீளமான, தாழ்வான தொட்டியாகப் பாருங்கள். மூடி கட்டாயம், குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள், அங்கேதான் மூச்சுக் காற்று. ஃபில்டருக்கு மெதுவாகக் குமிழி விடும் பஞ்சு ஃபில்டர் போதும், வேகமான நீரோட்டம் இதற்கு ஆகாது.

புதுத் தொட்டியில் அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், அதை ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அவை குடியிருப்பது அந்தப் பஞ்சில். அதைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவினால், குளோரின் பட்டு அத்தனையும் காலி. தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் முடிந்தது. வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு மாற்றுங்கள், ஊற்றுகிற தண்ணீரில் ஆன்டி-குளோரின் சொட்டு விடுங்கள். இவ்வளவு பேசுகிற நானே பன்னிரண்டு வயதில் காயா ஜாம் போத்தலில் ஒன்றை வைத்து மூன்றே மாதத்தில் கொன்றவன்தான்.

தண்ணீர் மேலே நுரை நுரையாகக் கூடு கட்டுகிறான். சந்தோஷமாக இருக்கிறான் என்று அர்த்தமா? ஒரு பெண் மீன் வாங்கி விடலாமா? (பட்டர்வொர்த்)

வயதுக்கு வந்த ஆண் மீன் கட்டும், அவ்வளவுதான். எச்சில் பூசிய காற்றுக் குமிழிகள், முட்டை வைக்கத் தொட்டில். அழுக்குப் போத்தலில் நோயோடு இருப்பதுகூடக் கட்டிப் பார்த்திருக்கிறேன், அதனால் கூட்டை வைத்து அவன் மனசைப் படிக்காதீர்கள். கட்டாவிட்டாலும் கவலை வேண்டாம்.

பெண் மீனைச் சும்மா கொண்டுபோய் விட்டால் காலையில் கிழிந்த வாலோடுதான் பார்ப்பீர்கள். சேர்க்கிறவர்கள் முதலில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காட்டிவைத்து, பெண்ணின் உடம்பில் நெட்டுக்குத்தாகக் கோடுகள் வந்த பிறகுதான் திறந்துவிடுவார்கள். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், காவல் காப்பது அப்பன். ஒன்றரை இரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும், ஒரு ஈட்டில் நூற்றுக்கணக்கில்கூட. ஆண் குஞ்சுகள் மூன்று மாதத்தில் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனிப் போத்தல் வேண்டும். ஃபிளாட்டில் அத்தனை போத்தலுக்கு இடம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.

ஆபீஸ் மேசையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நன்றாக நீந்துகிறது, புதன் வந்தால் அடியில் மூலையில் படுத்துக்கொள்கிறது. வயதாகிவிட்டதா? (பாயான் லெப்பாஸ்)

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சனி ஞாயிறு ஏர்கோன் ஓடாது, இல்லையா?

நம் பினாங்கு வீட்டில் தண்ணீர் 27, 28 டிகிரியில் தானாகவே நிற்கும், சண்டை மீனுக்கு அது சரியான சூடு. அதனால் இங்கே ஹீட்டர் வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன், ஏர்கோன் அறையைத் தவிர. 20 டிகிரியில் நாள் முழுக்க ஓடும் அறையில் சின்னத் தொட்டி சீக்கிரம் ஆறிப்போகும். மீனுக்குத் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது, அதனால் அசைவு குறையும், செரிமானம் குறையும், நோய் எளிதில் பிடிக்கும். சில வெள்ளிக் காசுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஒட்டுங்கள், புதன்கிழமை பாருங்கள். 24க்குக் கீழே போயிருந்தால், ஒன்று வீட்டுக்கு எடுத்துப் போங்கள், இல்லையென்றால் 25 வாட் ஹீட்டர் ஒன்று போடுங்கள்.

இன்னொன்று, படுத்திருப்பதெல்லாம் நோய் இல்லை. இந்த மீன் இலைமேல் சாய்ந்து தூங்கும், ஒருக்களித்துப் படுத்து நம் வயிற்றைக் கலக்கும். தீனி டப்பாவைத் திறக்கிற சத்தத்துக்கு எழுந்து வந்தால் தூக்கம். வரவில்லை, துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கிறது, தலையிலிருந்து வால் வரை கிடையாகக் கறுப்புக் கோடு ஓடுகிறது என்றால் ஏதோ பயம் அல்லது தண்ணீரில் கோளாறு.

வால் கிழிந்துகொண்டே போகிறது. மஞ்சள் மருந்து போட்டும் நிற்கவில்லை. (புக்கிட் மெர்தாஜாம்)

கிழிசலை உற்றுப் பாருங்கள். ஓரம் கறுத்தோ சிவந்தோ, நாள்தோறும் அரித்துக்கொண்டே போனால் அது துடுப்பு அழுகல், முதல் மருந்து சுத்தமான தண்ணீர். அரை வட்டமாகக் கடித்து எடுத்த மாதிரி, ஒரே ராத்திரியில் வந்திருந்தால் தன் வாலைத் தானே கடிக்கிறது. வால் பாரமாக இருக்கிறவை, நீரோட்டம் தாங்காதவை செய்கிற வேலை. நேர்க்கோடாகக் கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் செடியைச் சந்தேகப்படுங்கள். பழைய நைலான் தாவணித் துண்டை அந்தச் செடிமேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலும் மாட்டும், தூக்கிப் போடுங்கள்.

கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை காய்ந்தது ஒன்றைப் போட்டுவைப்பது நல்லது, தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்படாதீர்கள். கார் நிறுத்துமிடத்து மரத்தடியில் பொறுக்கினால் நன்றாகக் கழுவுங்கள், பூச்சி மருந்து அடிக்கிற இடமென்றால் வேண்டாம்.

கண்ணாடி காட்டினால் செவுளை விரித்துச் சண்டைக்கு வருகிறது. பிள்ளைகள் நாள் முழுக்கக் காட்டுகிறார்கள்.

ஒன்றிரண்டு நிமிடம் அதற்கு உடற்பயிற்சி. நாள் முழுக்க என்றால் விரட்ட முடியாத எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிற மாதிரி. கண்ணாடியை வாங்கி வையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் தொட்டிச் சுவரே கண்ணாடியாகி விடுகிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் ஃபிளாட்டில் டெங்கிக்காகப் புகை அடிக்க வருகிறார்கள். மீனை என்ன செய்வது? (ஆயர் ஈத்தாம்)

இதை அலட்சியமாக விடாதீர்கள். அந்தப் புகையில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து, நமக்கு இருமலோடு போகும், மீனுக்கு எமன். இதுவோ மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்குகிற மீன். ஏர் பம்ப்பை அணையுங்கள், இல்லையென்றால் புகையை உறிஞ்சித் தண்ணீருக்குள் அதுவே ஊதிவிடும். தொட்டியை உள்ளறைக்கு நகர்த்தி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே ஈரத்துண்டு போடுங்கள். ஓரிரு மணி நேரம் பம்ப் இல்லாமல் இந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. வீடு நன்றாகக் காற்றோடிய பிறகு திறங்கள், மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் டிஷ்யூ தாளை விரித்து எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பம்ப்பை அணைக்க மறந்து ஒரே சாயங்காலத்தில் பதினொரு குட்டிகளைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன். கொசு ஸ்பிரேக்கும் இதே விதி. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் தொட்டிப் பக்கம் வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

எவ்வளவு தீனி?

காலை மூன்று உருண்டை, மாலை மூன்று. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. சோறு, ரொட்டி வேண்டவே வேண்டாம், இது புழு பூச்சி தின்கிற மீன்.

பையன் மலையடி ஓடையில் பிடித்து வந்தான். பழுப்பு நிறம், தலை பெரியது. சண்டை மீன் என்கிறான், ஆனால் நாலு நாளாகச் சாப்பிடவில்லை, தாடை வேறு வீங்கியிருக்கிறது. என்ன நோய்? (பினாங்கு)

நோயாக இருக்காது என்று நினைக்கிறேன். படம் அனுப்பாததால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது நம் தீவின் பெயராலேயே அழைக்கப்படும் பினாங்கு பெட்டா மாதிரி இருக்கிறது. இது கூடு கட்டாது, அப்பன் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் பட்டினி கிடக்கும். அந்த வீக்கம் முட்டையாக இருக்கலாம்.

இதன் பெயரில் ஒரு வேடிக்கை. 1849இல் கேன்டர் என்ற டென்மார்க்காரர் பினாங்கு மீனுக்கு 'பக்னாக்ஸ்' என்று பெயர் வைத்தார், லத்தீனில் சண்டைக்காரன் என்று பொருள். சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், நிஜச் சண்டை மீனும் அதே பெயரில் போட்டுக் குழப்பப்பட்டு, 1910இல்தான் ரீகன் என்ற ஆங்கிலேயர் அதற்கு 'ஸ்ப்ளெண்டன்ஸ்' என்று தனிப் பெயர் கொடுத்தார். வாயைத் திறக்காமல் பிள்ளையைச் சுமக்கிறவனுக்குச் சண்டைக்காரன் பட்டம் அப்படியே நின்றுவிட்டது. நம் வயல் வாய்க்காலில் இருக்கும் இன்னொரு லாகாவுக்கு 1975இல் வைத்த பெயர் 'இம்பெல்லிஸ்', சண்டைக்குப் போகாதவன் என்று. கம்பத்துப் பையன்கள் பிடித்து மோதவிட்டது அதைத்தான்.

கடை மீனோடு ஒரே தொட்டியில் போட்டிருந்தால் ஓடைக்குத் திரும்ப விடாதீர்கள், நோய் போய்ச் சேரும். கடையில் வாங்கியதையும் ஓடையிலோ லோங்காங் சாக்கடையிலோ விடக்கூடாது. தனி வாளியில்தான் இருக்கிறது என்றால் பையனையே கூட்டிக்கொண்டு போய், பிடித்த அதே இடத்தில், கல்லோரம் பார்த்து மெதுவாக விடச் சொல்லுங்கள். வாளியை ஆட்டாமல் தூக்குங்கள், பயந்தால் முட்டையை விழுங்கிவிடும்.