அந்த ஊர் பீர் அந்த ஊரில்தான்! வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் "பயணத்தில் குடித்த பீர்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தேன். கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்துதான் அதிகம் கேள்விகள் வந்திருக்கின்றன. நானும் கடலூர்க்காரன் என்பதால் ஊர்க்காரர்களுக்கே முதல் பந்தி. குடிக்காதவர்களைக் குடிக்க வைப்பது என் நோக்கம் கிடையாது. ஏற்கெனவே குடிக்கிறவர்கள் என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து, ருசித்து, அளவோடு குடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கே: இத்தனை ஊர் சுற்றியிருக்கிறீர்களே சார், உங்களுக்கு ரொம்பப் பிடித்த பீர் எது? எங்கே குடித்தது?
(வாசகர், மஞ்சக்குப்பம்)

ப: வியட்நாம் தலைநகர் ஹனோயில் குடித்த பியா ஹோய். இதில் எனக்கு யோசனையே இல்லை. ஹனோயின் பழைய பகுதியில் தா ஹியென் என்று ஒரு குறுகலான தெரு இருக்கிறது, அது லுவோங் ங்கோக் குயேன் தெருவோடு சேரும் முனையில் சாயங்காலம் ஆனால் நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் போட்டுவிடுவார்கள், நம் முழங்கால் உயரம்கூட இருக்காது, கிட்டத்தட்ட குந்தி உட்கார்ந்த மாதிரிதான். பியா ஹோய் என்பது அன்றன்றைக்கு வந்து அன்றன்றைக்கே தீர வேண்டிய பீர். பாட்டிலில் அடைப்பதில்லை, கெடாமல் இருக்கச் சூடாக்கும் பாஸ்டரைஸ் வேலையும் செய்வதில்லை, பீப்பாயில் கடைக்கு வருகிறது, தீர்ந்துபோனால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார், நாளைக்கு வா என்று அர்த்தம். ஆல்கஹால் மூன்று, நான்கு சதவீதம்தான் இருக்கும். லேசான கசப்பு, லேசான தானிய வாசம், தொண்டையில் தங்காமல் இறங்கிவிடும்.

அந்த டம்ளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடைந்த பழைய கண்ணாடியை உருக்கிக் கையால் செய்வது. இளம்பச்சை நிறம், கண்ணாடிக்குள்ளேயே சின்னச் சின்னக் குமிழிகள் சிக்கிக்கொண்டிருக்கும், இரண்டு டம்ளரை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்றின் வாய் கொஞ்சம் தடித்திருக்கும். அதோடு ஒரு தட்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வரும். ஆமாம், நம் விருத்தாசலம் பக்கத்தில் தோலோடு உப்புப் போட்டு அவிப்போமே, அதேதான். ஆபீஸ் முடிந்து வருகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தாத்தாக்கள் எல்லோரும் ஒரே வரிசையில் தோலை உரித்துக் கீழே போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். யாரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்து நான் பார்க்கவில்லை. நம் ஊர் பார்களில் இருட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு அவசரமாகக் குடித்துவிட்டு வெளியேறும் ஆட்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தத் தெரு மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கே: மகனைப் பார்க்க ஐரோப்பா போனபோது அங்கே ஒரு பிரபல பச்சை பாட்டில் பீர் குடித்தேன், அருமையாக இருந்தது. அதே பிராண்டை இங்கே வாங்கினால் ஏதோ ஒரு நாற்றம் வருகிறது. போலியா?
(வாசகர், நெய்வேலி)

ப: போலியாக இருக்க வேண்டியதில்லை. பீருக்கு மூன்று எதிரிகள்: வெளிச்சம், சூடு, காற்று. பீரில் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவில் உள்ள பொருள்கள் வெளிச்சம் பட்டால் சிதைந்து ஒரு கந்தக நாற்றத்தைக் கொடுக்கும். பழுப்பு பாட்டில் அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும், பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது, வெள்ளை பாட்டில் சுத்தமாகத் தடுக்காது. கடையில் ட்யூப் லைட்டுக்கு நேராக அடுக்கி வைத்த பச்சை பாட்டிலை எடுக்காதீர்கள், பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கேன் வாங்குங்கள். பாட்டிலுக்குள் தங்கிவிட்ட கொஞ்சக் காற்று நாள்பட நாள்பட பழைய அட்டைப்பெட்டி வாசத்தைக் கொண்டுவரும், சித்திரை வெயிலில் லாரியிலும் குடோனிலும் கிடந்தால் அது இன்னும் சீக்கிரம் வரும். அதனால் பிராண்டு பெயரைப் பார்ப்பதற்கு முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஏழெட்டு மாதம் ஆன பாட்டிலைவிட, போன மாதம் அடைத்த உள்ளூர் லாகர் (குளிர்ச்சியில் நிதானமாகப் புளிக்கவைக்கும் பீர்) நன்றாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் செக் நாட்டில் உள்ள பில்சென் நகரம் நினைவுக்கு வந்தது. அந்த ஊரில் 1838-இல் பீர் கெட்டுப்போய், ஊர்க்காரர்களே கோபத்தில் 36 பீப்பாய்களை நகர மன்றத்தின் முன்னால் கொட்டிவிட்டார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசஃப் க்ரோல் என்பவரைக் கூட்டி வந்தார்கள். வெளிர் நிற மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), அந்தப் பக்கத்து சாட்ஸ் ஹாப்ஸ், உப்புச்சத்து அதிகம் இல்லாத அந்த ஊர்த் தண்ணீர், குளிர்ந்த நிலவறை, எல்லாம் சேர்ந்து 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர். இன்று நாம் வாங்கும் பொன்னிற லாகர் அத்தனைக்கும் அதுதான் பாட்டன். அந்த ஆலைக்கு இப்போதும் போகலாம், நிலவறைக்குக் கூட்டிப்போய் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேராகப் பிடித்துக் கொடுப்பார்கள். ஸ்வெட்டர் போட்டிருந்தும் எனக்கு அந்த அறையில் கை நடுங்கியது. பீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தது, ரொட்டி வாசம் அடித்தது, கசப்பு நாக்கின் பின்பக்கம் நிதானமாக வந்து நின்றது. பெயர் அதேதான், ஆனால் பாட்டிலில் வாங்கினால் அந்த ருசியில் பாதிதான் கிடைக்கிறது. உங்கள் மகன் அங்கேதான் இருக்கிறார் என்றால் அடுத்த தடவை ஒரு நாள் ஒதுக்கி அந்த ஆலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: புதுச்சேரியில் நம் ஊரில் கிடைக்காத பீர் வகைகள் நிறைய இருக்கின்றன. வரும்போது நாலு பாட்டில் பையில் போட்டுக்கொண்டு வந்தால் என்ன?
(வாசகர், கடலூர் முதுநகர்)

ப: வேண்டாம். புதுச்சேரி வரி கட்டிய சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பிடித்தால் வழக்கு, வண்டியும் போய்விடும். நாலு பாட்டிலுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தவர்களை எனக்கே தெரியும். அங்கேயே ஒன்றைக் குடித்துவிட்டு பைக்கில் வரலாம் என்று அடுத்த யோசனை வரும், அதுவும் வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். அபராதத்தை விடுங்கள், கன்னியக்கோயில் தாண்டி ராத்திரி அந்த ரோட்டில் நடக்கும் விபத்துகளைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. 25 கிலோமீட்டர்தான், பஸ் இருக்கிறது, பஸ்ஸில் போய் பஸ்ஸில் வாருங்கள். புதுச்சேரியில் இப்போது அங்கேயே காய்ச்சி ஊற்றும் இடங்களும் வந்துவிட்டன, பாட்டிலைத் தேடுவதைவிட அங்கே உட்கார்ந்து நிதானமாக ஒரு டம்ளர் குடிப்பது மேல்.

கே: குளிர் பிரதேசத்துக்குப் போனால் ரம், பிராந்திதான் சரி, பீர் எடுபடாது என்கிறார்கள் நண்பர்கள். சிக்கிம் போகிறோம். என்ன சொல்கிறீர்கள்?
(வாசகர், பண்ருட்டி)

ப: சிக்கிமில் சூடாகவே ஒரு பீர் இருக்கிறது, பெயர் தோங்பா. அந்த இமயமலைப் பக்கத்து லிம்பு இன மக்களின் பானம். மூங்கிலாலோ மரத்தாலோ செய்த உயரமான குவளையில் புளித்த தானியத்தை அப்படியே நிரப்பி, அதன் மேல் வெந்நீரை ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, அடியில் சிறு துளைகள் போட்ட மூங்கில் குழாயால் உறிஞ்ச வேண்டும். தானியம் என்ன தெரியுமா? நம் கேழ்வரகு! மூடியைத் திறந்ததும் வந்த வாசத்தில் எனக்கு ஆடி மாதக் கூழ்ப்பானைதான் கண்ணில் வந்தது. முதலில் லேசான புளிப்பு, அப்புறம் ஒரு மெல்லிய இனிப்பு. தண்ணீர் தீரத் தீர மறுபடி வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம், இரண்டாம் ஊற்றுதான் சிறந்தது என்று எனக்குத் தோன்றியது, அதற்குப் பிறகு சாரம் குறைந்துகொண்டே போகும். குழாயை அடிவரை ஆட்டாதீர்கள், கேழ்வரகு வந்து அடைத்துக்கொள்ளும். மலைப்பாதை, உயரம், மூச்சு வாங்கும், அதனால் ஒரு குவளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டில் பீர்தான் வேண்டும் என்றால் டேன்ஸ்பெர்க், ஹிட் இரண்டும் அந்த மாநிலத்துத் தயாரிப்பு. இந்தி நடிகர் டேனி டென்சோங்பா 1987-இல் தொடங்கிய யுக்சோம் ஆலையுடையது. அங்கே போய் நம் ஊரில் தினமும் பார்க்கும் பிராண்டைக் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள், அவ்வளவு தூரம் போனதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

கே: பீர் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
(தமிழாசிரியர், விருத்தாசலம்)

ப: ஐயா, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்தான் பீர் என்றால், பெரும்பாணாற்றுப்படையிலேயே அதன் செய்முறை இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பாத்திரத்தில் ஆற்றி, முளையை இடித்துச் சேர்த்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விளையவிட்டு, வெந்நீரில் அரித்து எடுப்பார்கள். முளைகட்டிய தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், சர்க்கரை புளித்து ஆல்கஹாலாகும், இன்றைக்கு எந்த ஆலையிலும் நடப்பது இதுதான். நெல்லில் செய்த கள்ளுக்குத் தோப்பி என்று தனியாகப் பெயரே இருந்தது. ஹாப்ஸ் மட்டும்தான் நம்மிடம் கிடையாது. பாட்டில், கம்பெனி, லேபிள் எல்லாம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது உண்மை. தென்னிந்தியாவில் இருந்த ஐந்து ஆலைகளை தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் ஒன்றாக்கியதுதான் யுனைடெட் புரூவரீஸ், இன்றைய கிங்ஃபிஷர் கம்பெனி.

கே: கணவரோடு பெங்களூரு போகிறேன். அங்கே பீர் கடைகளுக்குப் பெண்களும் சாதாரணமாகப் போவார்கள் என்கிறார். எனக்குக் கசப்பு ஆகாது. எதில் ஆரம்பிக்கலாம்?
(வாசகி, வில்லியனூர்)

ப: தாராளமாகப் போங்கள் அம்மா, அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 2010, 2011 வாக்கில் பெங்களூருவில் காய்ச்சி ஊற்றும் இடங்கள் திறக்க ஆரம்பித்தன, இந்திரா நகரில் உள்ள டாய்ட் அந்தக் காலத்துக் கடை, இப்போதும் கூட்டம் அலைமோதுகிறது. கோதுமை பீர் கேளுங்கள், ஹெஃபெவைட்சன் என்று பலகையில் இருக்கும். கசப்பு மிகக் குறைவு. முகர்ந்தால் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும், பழமோ கிராம்போ எதுவும் போடுவதில்லை, அந்த ஈஸ்ட்டே உண்டாக்கும் வாசம் அது. பல இடங்களில் எல்லா வகையிலும் சின்ன டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றித் தருவார்கள், அதை வாங்கி நாலு வாய் ருசி பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடுங்கள், கணவர் சொல்கிறார் என்பதற்காகக் குடித்து முடிக்க வேண்டியதில்லை.

கே: பீர் குடித்தால் கிட்னி கல் கரையும் என்பது உண்மையா?
(வாசகர், திட்டக்குடி)

ப: இல்லை. சிறுநீர் அதிகம் போகும், அதனால் உடம்பில் தண்ணீர்தான் குறையும். யூரிக் அமிலம் ஏறி நிலைமை மோசமாகவும் வாய்ப்பு உண்டு. தண்ணீர் குடியுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

கே: நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் இலங்கை போகலாம் என்று இருக்கிறோம். அங்கே எது பிரபலம்?
(வாசகர், சிதம்பரம்)

ப: லயன் லாகர் எங்கும் கிடைக்கும், வெயிலுக்கு நன்றாக இருக்கும். ஆனால் நான் சொல்வது லயன் ஸ்டவுட். கருப்புக் காபி நிறம், வறுத்த மால்ட், கருப்பட்டி, கசப்புச் சாக்லேட் எல்லாம் ஒரு வாயில் வரும். 8.8 சதவீதம் ஆல்கஹால், அதனால் தாகத்துக்குக் குடிக்கிற பீர் கிடையாது, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாட்டிலை இரண்டு பேர் பங்கிட்டு ஒரு மணி நேரம் குடிக்கலாம். நுவரெலியா வரை போனால் அங்கே குடியுங்கள், அந்தக் குளிருக்கும் மழைக்கும் அது அவ்வளவு பொருத்தம். ரொம்ப ஜில்லென்று கேட்காதீர்கள், ருசி எதுவும் தெரியாது.

கே: என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோனில் இருந்தவர். '33' என்ற பீரைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார். இந்த வருடம் நாங்கள் வியட்நாம் போகிறோம். அது இன்னும் இருக்கிறதா?
(வாசகர், குருசுக்குப்பம், புதுச்சேரி)

ப: இருக்கிறது, ஒரு மூன்று கூடியிருக்கிறது. 1975-க்குப் பிறகு ஆலை அரசாங்கத்தின் கைக்குப் போனதும் பெயர் 333 ஆகிவிட்டது. பா பா பா என்று கேட்டால் போதும், வியட்நாம் மொழியில் பா என்றால் மூன்று. சைகோனில் விக்டர் லாரூ என்ற பிரெஞ்சுக்காரர் 1875-லேயே பீர் காய்ச்சத் தொடங்கிவிட்டார், அவர் பெயரில் லாரூ என்ற பீரும் இன்றும் விற்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். புதுச்சேரிக் குடும்பங்கள் எத்தனையோ பேர் பிழைத்த ஊர் அது, பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, பகலில் அங்கே போய்விட்டு வாருங்கள். சாயங்காலம் ஏதாவது தெருவோரக் கடையில் உட்கார்ந்து தாத்தா பேரைச் சொல்லி ஒன்று வாங்கிக் குடியுங்கள், அவர் எந்தத் தெருவில் இருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் போவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தெருப் பெயர்கள் பெரும்பாலும் மாறிவிட்டன, பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் வேண்டியிருக்கும். அப்புறம் ஒரு விஷயம், அங்கே டம்ளரில் பெரிய ஐஸ் கட்டியைப் போட்டு அதன் மேல் பீரை ஊற்றுவது வழக்கம். வேண்டாம் என்றால் ஊற்றுவதற்கு முன்பே "கோங் டா" என்று சொல்லிவிடுங்கள்.