குத்துற பின்னும் குப்பை போடுற பின்னும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் யுபி (அப்பர் பிரைமரி) ஸ்கூல்ல வேலை பாக்கறேன். அஞ்சாம் கிளாஸ்ல 22 பிள்ளைங்க. வீட்டுல தமிழ், கடைத்தெருவுல மலையாளம், இங்கிலீஷ் புத்தகத்துல மட்டும்தான். ப்ரொஜெக்டர்ல வீடியோ போட்டா ஆசையா பாக்கறாங்க, கேள்வி கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கறதில்ல. என்ன பண்ணட்டும்?
- ஒரு டீச்சர், சித்தூர் தாலுகா

பதில்: டீச்சர், வீடியோ ஓடுறப்ப பிள்ளைங்களுக்கு வேலையே இல்லீங்க, அதான் விஷயம். பத்து நிமிஷத்தோட ப்ரொஜெக்டரை அணைச்சுட்டு லேப்டாப்புல சவுண்ட் ரெக்கார்டரைத் தொறங்க. நாலு நாலு பேரா உக்கார வெச்சு ஒவ்வொருத்தரும் ரெண்டே ரெண்டு வரி பேசட்டும், அதையே போட்டு கேக்கட்டும், பிடிக்கலைன்னா அழிச்சுட்டு மறுபடி பேசட்டும். எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு தப்பா சொல்லிருவோமோங்கற பயம்தான் வாயைக் கட்டுது, மிஷின்கிட்ட அந்தக் கூச்சம் வராது. நான் கிளாஸ் எடுத்த காலத்துல ஒரு பையன் மூணு மாசம் பேசவே இல்ல, ஒருநாள் ரெக்கார்டர்ல விழுந்த தன்னோட குரலை அவனே ஏழெட்டு தடவ போட்டுப் போட்டு கேட்டான், எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்தது உச்சரிப்பு. குத்துற பின்னும் (pin) குப்பை போடுற பின்னும் (bin) தமிழ்ல எழுதினா ஒரே எழுத்து, இங்கிலீஷ்ல வேற வேற. நம்ம பிள்ளைங்களுக்கு அந்த சத்தம் வராதுன்னு நெனச்சுடாதீங்க, தம்பின்னு சொல்றப்ப வர்ற பி-தான் குப்பை பின்னோட பி, பிள்ளைன்னு சொல்றப்ப வர்றதுதான் குத்துற பின்னோட பி, வாயில ரெண்டும் ஏற்கெனவே இருக்கு! அதோட உங்க பிள்ளைங்க மலையாள எழுத்தும் பாக்கறவங்க, அதுல ரெண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு, அதைப் பக்கத்துல எழுதிக் காட்டுங்க சட்டுன்னு பிடிச்சுக்குவாங்க. அப்புறம் மொபைல் கீபோர்டுல இருக்கிற மைக்கை அமுக்கி, மொழியை இந்திய இங்கிலீஷ்னு வெச்சு பேசச் சொல்லுங்க, என்ன காதுல விழுந்துச்சோ அது எழுத்தா வரும். ஆனா ஒத்தை வார்த்தையா சொன்னா அது தப்பாவும் ஊகிக்கும், முழு வாக்கியமா சொல்லட்டும், அதை வெச்சு மார்க் மட்டும் போட்டுறாதீங்க.

கேரளா ஸ்கூல்களுக்கு கம்ப்யூட்டர் வேலை பாக்கற அரசு அமைப்பான கைட்டோட (KITE) இ-கியூப் இங்கிலீஷ் லேங்குவேஜ் லேப்ங்கற சாஃப்ட்வேர் உங்க ஸ்கூல் லேப்டாப்புல இருக்கான்னு ஐடி பாக்கற வாத்தியார்கிட்ட கேளுங்க, பிள்ளைங்க கேட்டு, படிச்சு, பேசிப் பழகறதுக்குன்னே பண்ணினது. ஹெட்செட் நாலு இருந்தாலே போதும்.

கேள்வி: மூணார் எஸ்டேட்ல இருக்கோம். பொண்ணு ரெண்டாம் கிளாஸ், இந்த வருஷம்தான் இங்கிலீஷ் மீடியம் மாத்தினோம். வீட்டுல தமிழே பேசாதீங்க, இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டு விடுங்கன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. சரியா?
- ஒரு அம்மா

பதில்: வேண்டாம்மா, தயவுசெஞ்சு தமிழை நிறுத்தாதீங்க. கதை சொல்றது, ஏன் எதுக்குன்னு கேக்கறது எல்லாம் உங்க பொண்ணு தமிழ்லதான் பழகியிருக்கா, அந்தப் புத்திதான் இங்கிலீஷுக்கும் கை குடுக்கும். கொஞ்ச நாள் கிளாஸ்ல பேசாம கேட்டுக்கிட்டே இருப்பா, புது மொழி படிக்கிற குழந்தைங்க நிறைய பேர் அப்படித்தான், பயப்படாதீங்க. கார்ட்டூனை விட 2019-ல போலோன்னு வந்து பின்னாடி ரீட் அலாங்னு பேர் மாறின கூகுள் ஆப் நல்லது, குழந்தை சத்தமா வாசிக்க வாசிக்க கேட்டு திக்கற வார்த்தையை அதுவே சொல்லிக் குடுக்கும். தமிழ்க் கதையும் இருக்கு. டவர் கிடைக்கிற எடத்துல கதைகளை இறக்கி வெச்சுட்டா எஸ்டேட் லயத்து வீட்டுல நெட் இல்லாமலே ஓடும். தினம் பத்து நிமிஷம், நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க, அவ வாசிச்ச கதையை ராத்திரி உங்ககிட்ட தமிழ்ல சொல்லட்டும்.

கேள்வி: பையன் ஹோம்வொர்க் பூரா ட்ரான்ஸ்லேட் ஆப்ல போட்டு எழுதறான், தடுக்கலாமா?
- குமுளியில இருந்து ஒரு அப்பா

பதில்: ஒத்தை வார்த்தைக்குப் பாக்கட்டும், தப்பில்ல. முழு வாக்கியம் போட்டா மாட்டிக்குவான். "நேத்து வந்தாங்க"ன்னு தமிழ்ல சொன்னா வந்தது பெரியவர் ஒருத்தரா, அம்மாவா, நாலு பேரான்னு நமக்குத் தெரியும், ஆப் ஊகிச்சுதான் போடும். முதல்ல அவனே எழுதட்டும், அப்புறம் ஆப் எழுதினதைப் பக்கத்துல வெச்சு எங்க வித்தியாசம்னு உங்களுக்குச் சொல்லட்டும்.